வாத்து இல்லாத முகம்

ஜூலை 12

இந்த நோட்டைக் கொடுத்தது எங்கள் தமிழ் மிஸ். "மனசுல இருக்கறத எல்லாம் எழுதும்மா மோனிஷா, பாரம் குறையும்" என்றார். என் மனசில் இருப்பதெல்லாம் கெட்ட வார்த்தை. அதை எழுதினால் நோட்டைப் பிடுங்கிக்கொள்வார். அதனால் நல்ல தமிழிலேயே திட்டப் போகிறேன்.

அம்மா ஒன்பதாம் தேதி செத்துப்போனாள். 'இறைவனடி சேர்ந்தார்' என்றெல்லாம் எழுத மாட்டேன், அதைப் பேனரில் எழுதிவிட்டார்கள். அம்மா அங்கன்வாடி டீச்சர். குழந்தைகளுக்குச் சத்துமாவு உருண்டை கொடுத்துக்கொண்டிருந்தவள் தலை வலிக்கிறது என்று உட்கார்ந்தாள். மூளையில் ரத்தக் குழாய் வெடித்துவிட்டதாம். திருமங்கலத்திலிருந்து மதுரைக்குப் போகிற வழியிலேயே முடிந்துவிட்டது. எனக்கு அப்போது மூன்றாவது பீரியட். தவளையின் இதயத்துக்கு எத்தனை அறை என்று எழுதிக்கொண்டிருந்தேன்.

சாத்தூரிலிருந்து பாக்கியம் அத்தை வந்து இறங்கிவிட்டாள். அப்பாவின் அக்கா. இப்போது எங்கள் வீட்டுக்கு அவள்தான் கலெக்டர். எந்தப் பாயை விரிப்பது, யாருக்குக் காபி, யாருக்கு மோர், எல்லாம் அவள் உத்தரவு. நான்கு நாளில் ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டு நான் பார்க்கவில்லை.

அவள்தான் பேனருக்கும் சொன்னாள். தெருமுனையில் ஒன்று, பஸ் நிறுத்தத்தில் ஒன்று, அங்கன்வாடி வாசலில் ஒன்று. கண்ணீர் அஞ்சலி. நடுவில் ஒரு பெண்ணின் முகம். மைதா மாவு பிசைந்து வைத்ததுபோல வழவழவென்று ஒரே நிறம். சேலை அம்மாவுடையது, மூக்குத்தி அம்மாவுடையது. முகம் அம்மாவுடையது இல்லை.

அம்மாவுக்கு முகத்திலும் கழுத்திலும் வெண்புள்ளி இருந்தது. புள்ளி என்பது சும்மா பெயர், உண்மையில் திட்டுத் திட்டாக இருக்கும். ஆறு திட்டுகள். எனக்குத் தெரிந்த நாளாக அந்த முகம்தான். அதை யாரோ கம்ப்யூட்டரில் வைத்துத் துடைத்துவிட்டார்கள். யார் என்று எனக்குத் தெரியும். மூன்று வேளையும் எங்கள் வீட்டில்தான் சாப்பிடுகிறாள்.

ஜூலை 13, ஞாயிறு

காலையிலிருந்து டம்ளர் கழுவினேன். துக்கம் விசாரிக்க வந்தவர்களில் பாதிப் பேர் முனையிலிருக்கும் பேனரைப் பார்த்துவிட்டு வந்து, "என்னா லட்சணமா இருந்துருக்கா!" என்றார்கள். இருந்தபோது ஒருத்தரும் சொன்னதில்லை. அம்மா தண்ணீர் கொடுத்தால் "இப்பத்தாம்மா குடிச்சேன்" என்று டம்ளரை அப்படியே வைத்துவிட்டுப் போனவர்களை எனக்கு ஆள் ஆளாகத் தெரியும். இன்று அதே டம்ளரில் மடக் மடக்கென்று குடித்தார்கள். இரண்டு டம்ளரை வேண்டுமென்றே சரியாகக் கழுவாமல் வைத்தேன்.

மத்தியானம் அத்தையிடம் கேட்டே விட்டேன்.

"அம்மா மூஞ்சில இருந்தத அழிக்கச் சொன்னது நீங்கதானத்த?"

"எதடி?"

"புள்ளிய."

"நான் எங்கிட்டு அழிக்கச் சொன்னேன்? ஸ்டுடியோவுக்கு ஃபோனப் போட்டு, டீச்சர் படம் இருக்கான்னு கேட்டேன். இருக்குன்னான். அடிச்சுக் குடுன்னேன். வந்ததப் பாத்தா பளிச்சுன்னு இருந்துச்சு. சரி, போற காலத்துலயாச்சும் பளிச்சுன்னு இருக்கட்டும்னு விட்டுட்டேன். அதுல என்னடி குத்தம் கண்ட?"

"பொய் சொல்லாதீங்க."

"பாருடா தவமணி, உன் மக என்னைப் பொய்க்காரிங்குறா!"

அப்பா நாற்காலியில் உட்கார்ந்து தன் கால் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மின்வாரியத்தில் வயர்மேன். காற்று மழையில் கம்பத்தின் உச்சிக்கு ஏறுவார். சொந்த அக்காவிடம் ஒரு வார்த்தை பேசத்தான் தைரியம் இல்லை. "விடு பாப்பா" என்றார், என்னைப் பார்த்து. தப்பு செய்தவளைப் பார்த்து இல்லை.

பதினாறாம் நாள், இருபத்து நாலாம் தேதி, காரியம். அன்றைக்குப் படத்திறப்பும் உண்டு. இந்த மைதா மாவு முகத்தைத்தான் பெரிதாக்கி, சட்டம் போட்டு, மாலை மாட்டி, சீரியல் பல்பு சுற்றி, ஹாலில் மாட்டப்போகிறார்கள். நான் காலேஜ் போகிறவரை, கல்யாணம் ஆகிறவரை, அந்தப் பொம்பளை சுவரிலிருந்து என்னைப் பார்த்துக்கொண்டிருப்பாள். கொஞ்ச நாளில் எனக்கே அதுதான் அம்மா என்று ஆகிவிடும். இன்று கண்ணை மூடிப் பார்த்தபோது வாயோரத்துத் திட்டு வலது பக்கமா இடது பக்கமா என்று ஒரு நிமிடம் குழப்பம் வந்தது. நான்கு நாள்தான் ஆகியிருக்கிறது!

அதனால் வேறு படம் வேண்டும். பீரோவைக் கலைத்தேன். கல்யாண ஆல்பம் இருக்கிறது, அப்போது அம்மாவுக்குத் திட்டு வரவில்லை. அதற்குப் பிறகு அம்மா கேமரா முன்னால் நின்று நான் பார்த்ததே இல்லை, எப்போதும் அவள்தான் எடுப்பாள். அப்பா ஃபோனில் முப்பது படத்துக்கு மேல் இருந்தது, அவளுக்குத் தெரியாமல் நான் எடுத்தவை. இப்போது இல்லை. ஏன் இல்லை என்று இங்கே எழுதப் போவதில்லை.

ஜூலை 14

இட்லி. பக்கத்து வீட்டில் கொடுத்தது. மாவு புளிக்கவே இல்லை.

ஜூலை 15

அங்கன்வாடிக்குப் போய் அம்மாவின் சாமான்களை வாங்கி வரச் சொன்னார் அப்பா. பதினாறு நாளும் வயசுப்பிள்ளை வெளியே சுற்றக்கூடாது என்று அத்தை குறுக்கே விழுந்தாள். அதற்காகவே செருப்பைச் சத்தமாகப் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

குடை, டிபன் பாக்ஸ், மூக்குக் கண்ணாடி, ஒரு பாக்கெட் ஸ்டிக்கர் பொட்டு. ஆயா ராக்கம்மா எல்லாவற்றையும் ஒரு துணிப்பையில் போட்டு வைத்திருந்தார். பையைக் கொடுத்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சமையல்கட்டுக்குள் போய்விட்டார்.

குழந்தைகள் என்னைச் சுற்றிக்கொண்டன. தன்ஷிகா என்று ஒன்று, நாலு வயசு, எப்போதும் மூக்கு ஒழுகும். வாசலில் கட்டியிருக்கிற பேனரைக் காட்டி, "அது யாருக்கா?" என்று கேட்டது.

"டீச்சர்."

"இல்ல."

"டீச்சர்தான். நல்லாப் பாரு."

"டீச்சருக்கு இங்க வாத்து இருக்கும்." தன் வலது கன்னத்தில் விரலை வைத்துக் காட்டியது. "இவங்களுக்கு வாத்தக் காணோம்."

சர்வேஷ் என்று ஒரு குண்டுப் பையன், "நெத்தில சப்பாத்தியும் காணோம்" என்றான்.

பிறகுதான் விளங்கியது. அம்மாவின் திட்டுகளுக்கு இதுகள் பெயர் வைத்திருக்கின்றன. கன்னத்தில் வாத்து. நெற்றியோரம் சப்பாத்தி. வாயோரம் பால் (குடித்துவிட்டுத் துடைக்காமல் விட்ட மாதிரி). கண்ணுக்குக் கீழே மிட்டாய். மூக்கின் பக்கத்தில் எறும்பு. கழுத்தில் ரோடு. அம்மாவே சொல்லிக்கொடுத்தாளாம். அழுகிற பிள்ளைகளை இடுப்பில் தூக்கி, "வாத்து எங்க இருக்கு, கண்டுபிடி" என்பாளாம்.

"அப்பறம் கோழிக்குஞ்சு" என்றது தன்ஷிகா.

"அது எங்க?"

தலையை அண்ணாந்து, தாடைக்கு அடியில் தொட்டுக் காட்டியது.

எனக்குத் தெரிந்து ஆறுதான். ஏழாவது ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. கீழே இருந்து அண்ணாந்து பார்த்தால்தான் தெரியுமாம். பதினாலு வருஷம் கூடவே இருந்தவள் நான். ஒரு பெயர்கூட என்னிடம் சொன்னதில்லை அவள். மூக்கு ஒழுகுகிற இந்தக் குட்டிகளிடம் சொல்லியிருக்கிறாள்.

வீட்டுக்கு வந்து டிபன் பாக்ஸைக் கழுவினேன். உள்ளே எலுமிச்சை சாதம் ஆறு நாளாக இருந்து பூஞ்சை பிடித்திருந்தது. மூன்று தடவை தேய்த்தும் வாடை போகவில்லை.

ஜூலை 17

ஆடி பிறந்துவிட்டது. அம்மன் கோவிலில் கூழ் ஊற்றுகிறார்களாம். அதற்குப் பேனர் கட்ட இடம் இல்லாமல் பஸ் நிறுத்தத்தில் இருந்த அம்மாவை அவிழ்த்துவிட்டார்கள். அப்பா, "சரி, கோயில் காரியம்" என்றார். எதற்கெடுத்தாலும் சரி. இந்த வீட்டில் சரி சொல்லுகிற வியாதி எல்லோருக்கும் இருக்கிறது.

அவிழ்த்த பேனர் எங்கே போனது தெரியுமா? சாயங்காலம் பால் வாங்கப் போனேன். சோணைமுத்து அண்ணனின் பருத்திப்பால் வண்டி எதிரே வந்தது. ஆடிக்காற்றுக்கு வண்டியின் கூரை பறந்துவிடாமல் இருக்க ஒரு பேனரை விரித்து நாலு மூலையிலும் கட்டியிருந்தார். வெளிப்பக்கம் வெள்ளை. பக்கத்தில் போய்க் குனிந்து பார்த்தால், கூரைக்கு உள்ளே, பருத்திப்பால் அண்டாவுக்கு நேர் மேலே, அம்மா. கண்ணீர் அஞ்சலி.

நடுரோட்டில் வண்டியை மறித்துவிட்டேன்.

"எங்கம்மாவ ஏன் வண்டில கட்டுனீங்க?"

அவர் பயந்துபோனார். "ஆத்தா, கோயில்காரங்க குப்பையில போடப் போனாய்ங்க. நாந்தான் வேணாம்னு வாங்கியாந்தேன். மொகம் வெயில்ல வாடக்கூடாதுன்னு உள்பக்கமா வச்சிருக்கேன், பாரு. வெளிய வைப்பனா? டீச்சரு எத்தனை நாள் நம்மகிட்ட பருத்திப்பால் வாங்கிருக்கு! ஒனக்கு மனசு சங்கடம்னா இப்பயே அவுத்துக்கிட்டுப் போத்தா."

அவிழ்க்கத்தான் போனேன். ஆனால் குப்பைக்குப் போக இருந்ததைக் காப்பாற்றியவரிடம் எப்படிச் சண்டை போடுவது? சண்டை போட முடியாமல் போனதுதான் இன்னும் எரிச்சல். அவர் ஒரு டம்ளர் பருத்திப்பால் கொடுத்தார். குடித்தேன். நிமிர்ந்து பார்த்தால் அந்த வழவழ முகம் என்னைப் பார்த்துச் சிரிக்கிறது.

"நீ யாருடி?" என்று கேட்டேன். சோணைமுத்து அண்ணன் தன்னைக் கேட்டதாக நினைத்துக்கொண்டார்.

ஜூலை 18

செய்துவிட்டேன்.

கம்பத்தில் நம்பர் எழுதுவதற்கு அப்பா ஒரு டப்பா வெள்ளை பெயிண்ட் வைத்திருப்பார். அதையும் சின்ன ஏணியையும் எடுத்துக்கொண்டு அங்கன்வாடிக்குப் போனேன். ராக்கம்மா ஆயா உலையில் அரிசி போட்டிருந்தார், வெளியே வரவில்லை. குழந்தைகளைப் பேனருக்கு முன்னால் வரிசையாக உட்கார வைத்தேன்.

முதலில் வெறும் வெள்ளையை வைத்தேன். "டீச்சர் வெள்ள இல்ல, ரோஸு" என்று கத்தின. ஆயாவின் குங்குமச் சிமிழிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்துக் கலந்தேன். அதற்குப் பிறகு அதுகள்தான் மேஸ்திரி, நான் சித்தாள். "வாத்துக்கு வாலு வைக்கல." "சப்பாத்தி இன்னும் பெருசு." "எறும்பு அங்கிட்டு இல்லக்கா, இங்கிட்டு." ஒரு மணி நேரம் ஆனது. கோழிக்குஞ்சை மட்டும் வைக்க முடியவில்லை. படத்தில் முகம் நேராக இருக்கிறது, தாடைக்கு அடியில் தெரியாது.

ஏணியிலிருந்து இறங்கிப் பார்த்தேன். கோணல்மாணலாகத்தான் இருந்தது. ஆனால் தன்ஷிகா, "டீச்சர்!" என்று கையை ஆட்டியது. எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். ஒன்பது நாளில் முதல் சந்தோஷம்.

பிறகென்ன, யாரோ பார்த்துவிட்டு அத்தையிடம் போய் ஓதிவிட்டார்கள். அத்தை ஓடிவந்தாள். "அடிப்பாவி, செத்தவ மூஞ்சில சுண்ணாம்பு அடிச்சு வச்சிருக்காளே! பேய் பிடிச்சிருக்குடா இவளுக்கு!" தெருவே கூடிவிட்டது. முதுகில் ஒன்று வைத்தாள். திருப்பி முறைத்தேன்.

அப்பா வந்தார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு பேனர் முன்னால் நின்றார். ரொம்ப நேரம் நின்றார். திட்டுவார் அல்லது கட்டிப்பிடிப்பார் என்று நினைத்தேன். ஏணியில் ஏறி, பேனரை அவிழ்த்து, ஈரப் பெயிண்ட் ஒட்டாமல் பார்த்து மடித்துக் கையிலெடுத்துக்கொண்டார். "ஏணியக் கேக்காம எடுக்காத பாப்பா" என்றார். அவ்வளவுதான். ஊமைக் கோட்டான்.

ஜூலை 19

காலையில் அப்பா பெல்ட்டும் கையுறையும் எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். முன்னால் போய் நின்றேன்.

"படத்திறப்புக்கு அந்தப் படம் வேணாம்ப்பா."

"சொல்லியாச்சு பாப்பா. பெருசு பண்ணிக்கிட்டிருக்காங்க."

"அது அம்மா இல்ல."

கையுறையை உதறி உதறி மடித்தார். "அந்தப் படம் வேணாம்னு மட்டும் நீ சொல்லாத" என்றார். அந்த 'நீ'யை எதற்கு அப்படி அழுத்திச் சொன்னார் என்று தெரியவில்லை. கிளம்பிப் போய்விட்டார்.

அவருக்கும் அம்மாவின் முகம் பிடிக்காமல்தான் இருந்திருக்கிறது. பதினாறு வருஷம் குடும்பம் நடத்திவிட்டு, இப்போது வழவழவென்று ஒரு பெண்டாட்டி கிடைத்ததும் சட்டம் போடக் கொடுத்துவிட்டார். இதை எழுதியிருக்கக் கூடாது. இருந்தாலும் அழிக்க மாட்டேன்.

ஜூலை 21

பாடம் போகிறது என்று அப்பா பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார். ஜூனில் சேர்ந்த புதுப் பள்ளி. எல்லோரும் என்னைக் கண்ணாடிச் சாமான் மாதிரி நடத்தினார்கள். பக்கத்து இருக்கை ஹர்ஷினி ஜெல் பேனா கொடுத்தாள். எனக்கு எதற்கு உன் பேனா? வாங்கிக்கொண்டேன்.

கடைசி பீரியடில் கிளாஸ் மிஸ் பெற்றோர் அடையாள அட்டையைக் கொடுத்தார். பிள்ளைகளைப் பார்க்க வருகிறவர்கள் இதைக் காட்டினால்தான் கேட்டுக்குள் விடுவார்கள். "உன்னோடதையும் தரவாம்மா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். வாங்கினேன்.

இடது பக்கம் அப்பா. வலது பக்கம் அவள். மைதா மாவு.

அதே படம். அதே சேலை. அட்டையோடு சேர்த்துப் பின் பண்ணியிருந்த விண்ணப்பத்தில் அம்மாவின் கையெழுத்து. இந்திராணி. தேதி ஜூன் 16.

ஜூன் 16-இல் அத்தை சாத்தூரில் இருந்தாள். அம்மா உயிரோடு இருந்தாள்.

பஸ்ஸில் வரும்போது இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

ஜூலை 22

எழுதித்தான் ஆக வேண்டும்.

ஜூன் 12 அன்று சாப்பாட்டை மறந்து வைத்துவிட்டுப் போய்விட்டேன். அம்மா டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு பெர்மிஷன் வாங்கி வகுப்பு வாசலுக்கே வந்துவிட்டாள். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் போனதும் ஹர்ஷினி, "உங்கம்மா சமைக்கிறதயா சாப்பிடுற? தொட்டா ஒட்டிக்காதா?" என்று கேட்டாள். ஒட்டாது என்று சொன்னேன். அத்தோடு விட்டிருக்கலாம். அவள் மண்டையில் டிபன் பாக்ஸாலேயே ஒன்று போட்டிருக்கலாம்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம்தான் கத்தினேன். "இனிமே நீ ஸ்கூலுக்கு வராத. அப்பா வந்தாப் போதும். அட்டைக்கும் உன் போட்டோ குடுக்காத. எல்லாரும் பாப்பாங்க."

அம்மா அப்போது பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தாள். "சரித்தா" என்றாள். அப்புறம், "தோசையா, சப்பாத்தியா?" என்று கேட்டாள்.

அன்றைக்கே அப்பா ஃபோனை எடுத்து அம்மா இருக்கிற படங்களை எல்லாம் ஒவ்வொன்றாக அழித்தேன். யாராவது பார்த்துவிடுவார்கள் என்று.

இதுதான். எழுதியாயிற்று. பாரம் ஒன்றும் குறையவில்லை மிஸ்.

இன்று பள்ளி விட்டதும் நேரே, பேனர் அடித்துக் கொடுத்த லில்லி ஸ்டுடியோவுக்குப் போனேன். பிலிப் அண்ணன் யாருக்கோ பாஸ்போர்ட் படம் வெட்டிக்கொண்டிருந்தார்.

"எங்கம்மா படத்துல புள்ளிய அழிக்கச் சொன்னது யாருண்ணே?"

"அது... உங்கப்பாட்ட கேளும்மா."

"அவரு பேச மாட்டாரு. நீங்க சொல்லுங்க."

கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். "டீச்சரேதாம்மா சொன்னாங்க. பள்ளிக்கூடம் தொறந்த சமயம். உங்கப்பாவும் கூட வந்திருந்தாரு. எதுக்கு இந்த வேலைன்னு அவரு ஒரே சண்ட. டீச்சர் கேக்கல. 'எம்பிள்ளைக்குப் புதுப் பள்ளிக்கூடம், அட்டைய எல்லாப் பிள்ளைகளும் பாக்கும், அழிச்சுக் குடுங்க பிலிப்பு'ன்னாங்க. எனக்கே மனசு வரலம்மா. நான் ஒண்ணு ஒண்ணா அழிக்க அழிக்க, டீச்சர் பின்னாடி நின்னுக்கிட்டு, 'ஐயோ, வாத்து போச்சே! சப்பாத்தி போச்சே!'ன்னு சிரிக்கிறாங்க. நானும் சிரிச்சுட்டேன்."

நான் கடையிலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

"போறப்ப ஒண்ணு சொன்னாங்க. 'பழச அழிச்சிராதீங்க. அவளுக்கு விவரம் வந்ததும் அவளே வந்து கேப்பா. அப்பக் குடுங்க'ன்னு."

கம்ப்யூட்டரைத் திறந்து காட்டினார். அழிக்காத இன்னொரு படம், அட்டைக்கு எடுத்ததற்குச் சற்று முந்தியது. அசையாமல் இருங்கள் என்று அவர் சொன்னதற்கு அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டதாம். தலை கொஞ்சம் பின்னால் சாய்ந்து, வாய் திறந்து, சிரித்துக்கொண்டிருக்கிறாள். வாத்து, சப்பாத்தி, பால், மிட்டாய், எறும்பு, ரோடு. தாடைக்கு அடியில், கோழிக்குஞ்சு.

பிலிப் அண்ணன் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். நான் அழவில்லை என்று இங்கே எழுதினால் அது பொய்.

ஜூலை 23

அப்பா சவரம் செய்யாமல் உட்கார்ந்திருந்தார். அத்தை காய்கறி வாங்கச் சந்தைக்குப் போயிருந்தாள். பிரிண்ட் போட்ட படத்தை அவர் மடியில் வைத்தேன்.

"ஃபோன்ல இருந்த படத்தை எல்லாம் அழிச்சது நான்தான்ப்பா."

"தெரியும்."

"அம்மாவுக்கு?"

"அவதான் முதல்ல பாத்தா."

"ஏன் யாரும் என்னைத் திட்டல?"

"நான் கைய ஓங்கிக்கிட்டுத்தான் வந்தேன். அவதான் மறிச்சுட்டா. சின்னப்பிள்ள, போகப் போகச் சரியாயிரும், ஒண்ணுஞ் சொல்லாதன்னுட்டா. அந்தப் போட்டோ விஷயமும் உனக்குத் தெரியக்கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டா." கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அந்தப் போட்டோவுக்காக நான் அவகூட மூணு நாள் பேசல பாப்பா. அதுக்கப்பறம் இருந்ததே இருபத்தஞ்சு நாளு. அதுல மூணு நாள வீணாக்கிட்டேன்."

அப்பா அழுது நான் பார்த்தது அப்போதுதான். சத்தமே இல்லாமல் அழுதார். நான் 19-ஆம் தேதி எழுதியதை அடித்துவிடலாம் என்று பார்த்தேன். வேண்டாம், இருக்கட்டும். நான் எப்படிப்பட்ட ஆள் என்று தெரியட்டும்.

பிறகு அப்பா படத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். வாத்தின் மேல் விரலை வைத்துத் தடவினார். "சட்டம் போடுறவருக்கு ஃபோன் பண்ணு" என்றார்.

ஜூலை 24

காலையிலிருந்து ஐயர், புகை, படையல், பந்தி. அதையெல்லாம் எழுதக் கை வரவில்லை.

படம் முக்காலியில் மஞ்சள் பட்டுத்துணி போர்த்தி நின்றது. திறந்து வைக்க அம்மாவின் ஆபீசிலிருந்து சூப்பர்வைசர் மேடம் வந்திருந்தார். ராக்கம்மா ஆயா குழந்தைகளைக் கூட்டி வந்திருந்தார், பன்னிரண்டு பேர், முன்வரிசையில் தரையில். அத்தை எல்லோருக்கும் சந்தனம் கொடுத்துக்கொண்டிருந்தாள். படம் மாறிய விஷயம் அவளிடம் நாங்கள் சொல்லவில்லை. சண்டைக்குத் தயாராக நான் படத்துக்குப் பக்கத்திலேயே நின்றேன். முதுகில் இன்னொன்று விழுந்தாலும் நகர்வதில்லை என்று முடிவு.

மேடம் துணியை இழுத்தார்.

பின்னால் யாரோ, "ஐயையோ, இந்தப் படத்தையா போட்டாங்க?" என்றார்கள். அத்தை சந்தனக் கிண்ணத்தோடு திரும்பிப் பார்த்தாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

கிண்ணம் கீழே விழுந்தது. "ஏ இந்திராணீ..." என்று ஒரு சத்தம். அத்தை அப்படியே தரையில் உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். பதினாறு நாளாக வேலை வேலை என்று அடக்கி வைத்திருந்த அழுகை. "இப்பத்தானடி உன்னப் பாக்குறேன், இப்பத்தானடி என் கண்ணுக்குத் தெரியிற!" நான் சண்டைக்கு நின்றவள், குனிந்து அவள் முதுகைத் தடவிக்கொடுத்தேன். அதே முதுகில் ஒன்று வைக்க வேண்டும் என்று எத்தனை நாள் நினைத்திருக்கிறேன்.

குழந்தைகளுக்கு அழுகையெல்லாம் காதில் விழவில்லை. தன்ஷிகா எழுந்து போய்க் கண்ணாடியில் மூக்கை ஒட்டி வைத்துப் பார்த்தது. "கோழிக்குஞ்சு!" என்று கத்தியது. பன்னிரண்டும் படத்தைச் சுற்றிக்கொண்டு வாத்து, எறும்பு, மிட்டாய் என்று தொட்டுத் தொட்டுக் கத்தின. சூப்பர்வைசர் மேடத்துக்கு ஒன்றும் புரியவில்லை. அப்பா சிரித்தார். கண்ணாடி முழுக்க விரல் ரேகையும் சளியும். துடைக்காதீர்கள் என்று சொல்லிவிட்டேன்.

எல்லோரும் போன பிறகு படத்துக்கு முன்னால் உட்கார்ந்தேன். மன்னிப்புக் கேட்கத்தான் உட்கார்ந்தேன். வந்தது கோபம். ஏன் 'சரித்தா' என்றாய்? கையில் கரண்டியா இல்லை? கன்னம் பழுக்க ஒரு அறை விட்டிருக்கலாம். "எம்மூஞ்சி இப்படித்தாண்டி, வருவேன், தினமும் வருவேன்" என்று கத்தியிருக்கலாம். இரண்டு நாள் முறைத்துக்கொண்டிருந்துவிட்டு மூன்றாம் நாள் நானே வந்து மன்னிப்புக் கேட்டிருப்பேன். நமக்குள் சண்டை முடிந்திருக்கும். நீ சண்டையே போடாமல், சிரித்துக்கொண்டே போய் உன் முகத்தை அழித்துவிட்டு வந்தாய். எனக்கு விவரம் வரும் என்று நினைத்தாய். வந்துவிட்டது அம்மா. நீதான் இல்லை.

ஆகஸ்ட் 2

சோணைமுத்து அண்ணன் வீட்டுக்கே வந்து, "நம்ம வண்டி படத்துலயும் அதை வரைஞ்சு விடுத்தா, பிள்ளைக டீச்சர் இல்லங்குதுக" என்றார். பெயிண்ட் டப்பாவை எடுத்துக்கொண்டு போய் வரைந்துவிட்டு வந்தேன். வண்டிக்கடியில் மல்லாந்து கிடந்து வரைந்ததில் வாத்து கொஞ்சம் கொக்கு மாதிரி ஆகிவிட்டது. இந்தத் தடவை அப்பாவிடம் கேட்டுவிட்டுத்தான் எடுத்தேன்.

இன்று பள்ளியில் பெற்றோர் கூட்டம். அப்பா அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வந்தார். ஹர்ஷினி எட்டிப் பார்த்து, "உங்கம்மா இதுல அழகா இருக்காங்க" என்றாள். நல்ல எண்ணத்தில்தான் சொன்னாள். "அது எங்கம்மா இல்ல. எங்கம்மாவப் பாக்கணும்னா வீட்டுக்கு வா. வந்து எங்க வீட்டுத் தண்ணி ஒரு டம்ளர் குடிச்சுட்டுப் பாரு" என்றேன். வருகிறேன் என்று தலையாட்டினாள். வருவாளா பார்ப்போம்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா அட்டையைக் கழற்றி என்னிடம் கொடுத்து, "இதுலயும் புள்ளி வச்சிரலாமா பாப்பா?" என்று கேட்டார். மிச்சமிருந்த பெயிண்டைக் குச்சியில் தொட்டுக்கூட விட்டார்.

வேண்டாம் என்றேன். பேனர்களில் அந்த முகம் யாரும் கேட்காமல் வந்தது, அதனால் திருப்பி வைத்தேன். இந்த அட்டைக்காக அழிக்க வைத்தது நான். இது இப்படியே இருக்கட்டும். வருஷம் முழுக்க அப்பா இதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அந்தக் கேட்டுக்குள் வரட்டும். பார்க்கிற ஒவ்வொரு தடவையும் எனக்கு என் மேல் கோபம் வரட்டும்.